ஒன்பது கோட்டுகள்

மயிலாப்பூரில் கண்ணாடியும் படச் சட்டமும் விற்கும் கடையில் வேலை பார்த்தேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. புது ஆட்களிடம் பேச நாக்கு எழாது. அதனால் உள்ளே உட்கார்ந்து சட்டம் அறுப்பதுதான் எனக்கு வசதி.

தொண்ணூறுகளின் நடுவில் மந்தைவெளியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டாராம். வீட்டில் ஒரு படம்கூட இல்லை. அப்பா வேலை பார்த்த கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அவர்கள் சுவரில் மாட்டியிருந்த பழைய குரூப் போட்டோவைப் படமெடுத்து, பிரதியோடு பெயர்ச் சீட்டும் அனுப்பியிருந்தார்கள். கோட்டு போட்ட ஒன்பது பேர். சீட்டின்படி இடமிருந்து மூன்றாவது அப்பா.

"இவரை மட்டும் வெட்டி, பெரிசு பண்ணி, பிரேம் போட்டுக் குடுங்கோ. வெள்ளிக்கிழமை திதி. இந்த வருஷமாவது ஒரு மாலை போடணும்."

மூன்றாவதாக நின்ற குண்டு மனிதரின் தலையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். பிளேடை எடுத்த பிறகு கை போகவில்லை. கோட்டின் மேல்பை அவருடைய வலது மார்பில் இருந்தது. எத்தனையோ பழைய படங்களுக்குச் சட்டம் போட்டிருக்கிறேன். அந்தப் பை இடது மார்பில்தான் இருக்கும். தையல்காரர் தவறோ என்று அடுத்த ஆளைப் பார்த்தேன். ஒன்பது பேருக்கும் வலப்பக்கம்.

"இன்னாபா, பிளேடை வெச்சிக்கினு தவம் பண்றியா?" என்றார் முதலாளி.

"நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்துட்டாங்க போலண்ணே."

"எங்கிட்ட சொல்லி இன்னா? அந்தம்மாகிட்ட சொல்லு."

மறுநாள் அந்த அம்மாள் வந்தார். சொல்லிப் புரியவைக்க எனக்கு வராது. விற்பனைக்கு வைத்திருந்த கண்ணாடி ஒன்றை எடுத்து அதன்முன் படத்தைப் பிடித்தேன். பைகள் இடது மார்புக்கு வந்தன. இடமிருந்து மூன்றாவதாக இப்போது வேறொருவர் நின்றார். மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர்.

அந்த அம்மாள் பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து கம்பெனிக்குப் போன் செய்தார். அங்கே சுவர்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்களாம். திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஒல்லியா இருக்கிறவர்தானாம். அந்தக் குண்டு மனுஷரோட மூக்குதான் நேக்குன்னு தெருவெல்லாம் சொல்லிண்டிருந்தேன்."

"அந்தக் குண்டு மனுசன் எங்கனா உசுரோட இருந்தா மாலைக்கு இன்னா சொல்லியிருப்பாரு?" என்றார் முதலாளி. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

குண்டு மனிதரின் தலையைச் சுற்றியிருந்த பென்சில் கோட்டை ரப்பரால் மெதுவாக அழித்தேன். பிறகு ஒல்லி மனிதரின் பக்கம் பென்சிலைக் கொண்டுபோனேன். இந்த முறை கை தயங்கவில்லை.