ஒருநாள் இளவரசிக்கு வழி

சீனாவின் நிங்போ ஊரில் மணப்பெண்ணை அலங்கரித்து, பல்லக்கோடு கூடவே நடந்து போவதுதான் முப்பது வருஷமாகச் சாய்யுனின் பிழைப்பு. முன்னொரு காலத்தில் உயிருக்குப் பயந்து ஓடிவந்த இளவரசனை அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒளித்துவைத்துக் காப்பாற்றினாளாம். பிறகு அரசனான அவன் தந்த உரிமையால் அங்கே எந்த ஏழைப் பெண்ணும் கல்யாணத்தன்று இளவரசி. கிரீடம் சூடலாம், அவள் பல்லக்குக்கு எவரும் வழிவிட வேண்டும்.

மீன்காரர் மகள் ருய்லியனின் பல்லக்கு பாலத்தில் ஏறியபோது, எதிரே அதிகாரியின் பல்லக்கு வந்துவிட்டது.

“பின்னால போங்கடா!” என்று சேவகன் பிரம்பை ஓங்கினான்.

கல்யாணப் பல்லக்கு பின்வாங்கினால் பெண் வாழாமல் திரும்பி வந்துவிடுவாள் என்று எல்லோரும் நடுங்கினார்கள். சாய்யுன் முன்னால் போய் நின்றாள்.

“நாளைக்கு இவ மீன் கழுவுவா, அப்ப வந்து அதட்டுங்கய்யா. இன்னைக்கு இவ இளவரசி.”

பிரம்பு அவள் தோளில் இறங்கியது. அவள் நகரவில்லை. அதிகாரி திரையை விலக்கிப் பார்த்தார். இறங்கி ஓரமாக நின்றார்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் ருய்லியன் கேட்டாள்: “வலிக்குதா அத்தை? உங்க கல்யாணத்துல யாரு வழிவிட்டாங்க?”

“என்னைச் சின்ன வயசுலயே வேலைக்காரியா வித்துட்டாங்கம்மா. கல்யாணம் எங்கே நடந்துச்சு?”

ருய்லியன் கிரீடத்தோடு அவள் முன்னால் மண்டியிடப் போனாள். சாய்யுன் பதறிப்போய்த் தாங்கிக்கொண்டாள்.

“இன்னைக்குச் சடங்குல நீ வானத்துக்கும் மாமியாருக்கும் குனிஞ்சாப் போதும், தாயி.”