புளிச்சோற்றுப் பை

வேப்பந்தட்டையிலிருந்து வேன் பிடித்துக் கங்கைகொண்ட சோழபுரம் போன நாள் எனக்கு மறக்காது. விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் புளிச்சோறு கிளறியவள் நான், கல்யாணமாகாத அக்கா.

விக்கிரமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். துவையல் கசிந்திருந்ததால் சோற்றுப் பையோடு குழாயடிக்குப் போய்க் கழுவினேன். திரும்பி வந்து பார்த்தால் வேன் இல்லை. என் போன், கேம் ஆட வாங்கிய தம்பி மகளிடம்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் என்மேல் வெள்ளைப் புழுதியைப் பூசிப் பூசிப் போயின. டீக்கடை அம்மா தன் போனில் என் எண்ணுக்கு அடித்துப் பார்த்தார், அணைந்திருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ஒக்காருங்க. ஆளு கொறஞ்சா தெரியாதா, வந்துருவாங்க."

நம்பினேன். ஒவ்வொரு வேனுக்கும் எழுந்து எழுந்து நின்றேன்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது எங்கள் வேன் வந்தது. தம்பி குதித்து ஓடிவந்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏங்க்கா, பையையுமா தூக்கிட்டுப் போவ? கோயில் புல்லுல எலை போட்டு ஒக்காந்தப்புறந்தான் சோறு இல்லன்னே தெரிஞ்சுது. புள்ளைங்க பசியில கத்துதுங்க."

பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். டீக்கடை அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போதும் எல்லாப் பயணத்துக்கும் நான்தான் சமைக்கிறேன். எங்கே இறங்கினாலும் பையோடுதான் இறங்குகிறேன்.