அப்பா சொன்ன பொய்

வில்லியனூரில் எங்களோடு இருந்த என் அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரசாங்க இன்சூரன்ஸ் கார்டைக் காட்டி, ரத்தக் கொதிப்பு மாத்திரையை மாதாமாதம் ஆஸ்பத்திரியில் இலவசமாக வாங்கி வருவார். சென்ற ஆண்டு அந்தத் திட்டத்தைத் தனியார் கம்பெனி ஒன்றிடம் கொடுத்துவிட்டார்கள். அதுபற்றி வந்த இங்கிலீஷ் கடிதத்தை, ஏதோ நோட்டீஸ் என்று நினைத்து அலமாரித் தட்டில் விரித்துவிட்டேன்.

அப்பா வழக்கம்போல் பஸ் ஏறிப் போய் வந்தார்.

"மாத்திர குடுத்தாங்களாப்பா?"

"குடுத்தாங்கடி. பையில கீது."

நம்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது விழுந்தார். ஒரு பக்கக் கையும் காலும் இழுத்துக்கொண்டன, பேச்சும் போயிற்று. "மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?" என்று டாக்டர் கேட்டபோது அவர் கண்ணில் நீர் வழிந்தது. அவரோடு வேலை பார்த்த பக்கத்து வீட்டு மாமாதான் சொன்னார்:

"அறுபது தாண்டினவங்களுக்குக் கெடையாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. பொண்ணுக்கு பாரமா பூடுவேன், சொல்லாதன்னாரு."

பத்தாம் நாள் அப்பா போய்விட்டார். அதன்பிறகே அந்த இங்கிலீஷ் கடிதத்தைப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் காட்டிப் படிக்கச் சொன்னேன். ஒரு மாதத்துக்குள் எழுதிக் கேட்டிருந்தால் பழையபடி மாத்திரை கிடைத்திருக்குமாம்.

இப்போது அம்மாவை ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போகிறேன். "நீ வூட்டுக்குப் போடி, நா வாங்கியாறேன்" என்று அவள் எத்தனை முறை சொன்னாலும், மருந்து கொடுக்கும் ஜன்னல் வரை கூடவே போகிறேன்.