ஆமென் சொன்ன பிறகு

அந்த பெஞ்சு இன்னும் எங்கள் ஆலயத்தின் ஜன்னலோரம்தான் கிடக்கிறது. ஒரு கால் கொஞ்சம் குட்டை. ஆட்டத்தை நிறுத்த அடியில் வைத்த ஓட்டுச்சில்லுகூட மாறவில்லை. பதின்மூன்று வருஷமாக அதில் நான் உட்கார்ந்ததில்லை. யாராவது கேட்டால், மூலம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சபையில் இரண்டு பேர் அதற்காக எனக்கு ஜெபம்கூடச் செய்கிறார்கள்.

பாடாலூரைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டிய சிறிய சபை எங்களுடையது. மே மாதம் பிள்ளைகளுக்குப் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். நடத்தியவர் அரியலூரிலிருந்து எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தவர். சபைக்கே அவர் டீச்சர். பெரம்பலூரில் ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த நான் அவருக்குத் துணை. பாட்டுக்கு ஆட, பூனை மாதிரி கத்த, பிள்ளைகளைச் சிரிக்கவைக்க. நான்காம் நாள் பாடம் நம்பிக்கை. கடலில் மூழ்கப்போன பேதுருவை ஆண்டவர் கைநீட்டிப் பிடித்த கதையைச் சொல்லிவிட்டு, டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாக அந்த பெஞ்சில் ஏற்றுவார். கண்ணைத் துணியால் கட்டுவார். பிள்ளை சின்னதாக ஒரு ஜெபம் சொல்லும், டீச்சர் "ஆமென்" என்பார், பிள்ளை அப்படியே பின்னால் சாயும். கீழே நாங்கள் இருவரும் பிடிப்போம். "புள்ளைங்களுக்கு நம்பக் கத்துக்குடுக்க வேண்டியதே இல்லீங்க. அது தானா வரும். பிடிக்கிறவங்கதான் கத்துக்கணும்" என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். நான் அதற்கும் ஏதோ ஜோக் அடித்தேன்.

அந்த வருஷம் ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்தி மட்டும் விழ மாட்டேன் என்றாள். பெஞ்சில் ஏறினாள், கண்ணைக் கட்டவிட்டாள்; ஆனால் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்த கையை எடுக்கவில்லை. டீச்சர் அவசரப்படவில்லை. "பயமா இருந்தா எறங்கிரு கண்ணு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மற்ற பிள்ளைகள் முன்னால் ஹீரோவாக வேண்டும்.

"நீங்க தள்ளிக்குங்க டீச்சர், இந்தக் கோழிக்குஞ்சுக்கு நான் ஒருத்தன் போதாதா?" என்றேன்.

"மாமா, பிடிப்பீங்கல்ல?"

"நீ ஆனையா இருந்தாலும் பிடிப்பேன்டி."

கம்பியை விட்டாள். ஜெபம் சொன்னாள். டீச்சர் ஆமென் சொன்னார். எனக்கு அது தெளிவாகக் கேட்டது. அவள் பலகை மாதிரி விறைப்பாகச் சாய்ந்து வந்த வேகத்தில் என் இரண்டு கையும் என் நெஞ்சுக்கே திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டன. போதாததற்கு ஒரு அடி பின்னாலும் நகர்ந்தேன். ஆறு வயதுப் பிள்ளை என்மேல் விழுந்துவிடுமே என்று பயந்த வீரன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவளைவிட நான் அதிகம் அழுதேன். "யாருக்குங்க அடி?" என்று நர்ஸம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக் கேட்டார். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. "பிடிக்க நின்ன ஆளு நீங்கதானங்க?" என்று பிள்ளையின் அப்பா கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதையில்தான் எனக்கு வேர்த்தது. "டீச்சர் ஆமென் சொல்லவே இல்லீங்க. அதுக்குள்ள புள்ள சாஞ்சிருச்சு" என்றது என் வாய். "நான் சொன்னேங்க" என்றார் டீச்சர், ஒரே ஒரு தரம். பிறகு என்னைப் பார்த்தார். நான் போதகர் ஐயாவின் செருப்பைப் பார்த்தேன். "அண்ணன் விளையாட்டுக்குப் பொய் சொல்லுவாரு, இதுலயா சொல்லுவாரு?" என்று யாரோ எனக்குச் சாட்சி சொன்னார்கள். ஆண்டவரைத் தெரியாதென்று பேதுரு மறுதலித்தபோது சேவலாவது கூவியது. எனக்கு நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஹாரன்கூட அடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறே பிள்ளைகள் வகுப்பை டீச்சரிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். வருஷம் தவறாமல் நம்பிக்கைப் பாடத்தன்று மட்டும் எனக்கு வயிற்றுப்போக்கு. டீச்சர் கொஞ்ச நாள் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். கணவர் காலமானதும் அரியலூருக்கே போய்விட்டார். ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிடுவதென்று பஸ் ஏறினேன். அவர் வீட்டு வாசல் தெரிந்ததும் வந்த வழியே திரும்பி நடந்தேன். முக்குக் கடையில் இரண்டு டீ குடித்தேன், அரைக்கிலோ முந்திரிப்பருப்பு வாங்கினேன், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். "அரியலூர்ல என்ன சோலி?" என்றாள் மனைவி. பருப்பைக் காட்டினேன்.

இந்த வருஷம் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நடத்துபவள் அந்தக் குட்டிதான். காலேஜில் படிக்கிறாள். வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் ஆலயத்துக்குப் போனபோது, அந்த பெஞ்சின்மேல் ஏறிநின்று கலர் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போது என்று ஆரம்பித்தேன். "அன்னிக்கு டீச்சர் வந்து..."

"ஆமென் சொன்னாங்க. தெரியும் மாமா. கண்ணைத்தான கட்டுனீங்க, காது தொறந்துதான இருந்துச்சு."

"அப்ப ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"அப்பாகிட்ட சொன்னேன். பெரியவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னாரு." காகிதத்தை அழுத்தி ஒட்டினாள். "டீச்சர்கிட்ட ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன்ல பேசுவேன். பாடமெல்லாம் அவங்க சொல்லித்தான் எழுதுனேன்."

"என்னப் பத்தி எதுவும் கேப்பாங்களா?"

"இல்ல மாமா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஒரு ஜோக் அடித்திருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். வேலை முடிந்து இறங்கத் திரும்பினாள். ஓட்டுச்சில்லு நகர்ந்து பெஞ்சு ஒரு ஆட்டம் ஆடியது. நான் பதறி ஓடி இரண்டு கையையும் நீட்டினேன். இந்தத் தடவை கை பின்வாங்கவே இல்லை. அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்து, மெதுவாக, தானே இறங்கினாள்.