கழிகள் மட்டும் நின்ற படம்

ஆல்தா எங்கள் பக்கத்து நர்ஸ். வீடு வீடாகச் சைக்கிளில் போய்க் கட்டுப் போடுவாள், ஊசி போடுவாள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஏரிக்கரையில் முக்காலியை நிறுத்தி, கேமராவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, படம் எடுப்பாள். ஒரு படத்துக்கு நாலு நிமிடம் லென்ஸ் திறந்தே இருக்கும்; அதற்குள் நகர்ந்து போவது எதுவும் படத்தில் பதியாது.

எங்கள் ஏரிகள் ஹாலந்தின் பழைய காயங்கள். அடுப்பெரிக்கக் கரிமண்ணை வெட்டிக்கொண்டே போனார்கள். பள்ளத்தில் தண்ணீர் நின்றது, நடுவே ஒல்லி ஒல்லியாக வரப்புகள் மிஞ்சின. அவ்வளவு நேரம் அங்கே நின்று பார்க்க என்ன இருக்கிறது என்று ஊரே கேட்டது. விலாங்கு பிடிக்கும் லுபெர்ட், புண்பட்ட காலை அவளிடம் நீட்டியபடியே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, யாருக்காக வேவு பாக்குற?"

"வேவா? நேத்து என் கேமரா முன்னாடியேதான் படகுல போனீங்க. இந்தாங்க, எங்க இருக்கீங்க, காட்டுங்க பாப்போம்."

கேமராவின் திரையில் வெள்ளைத் தண்ணீர். அதில் ஆறு கழிகள். படகும் இல்லை, ஆளும் இல்லை.

"அடிப்பாவி, ஆளையே முழுங்கிட்டியே!" சிரித்தார். கண் மட்டும், தன் வலைகளைக் கட்டியிருந்த அந்தக் கழிகளிலேயே இருந்தது.

அந்தப் படத்தை அவள் நூலகத்தில் மாட்டினாள். கீழே தேதி: அக்டோபர் ஒன்பது. விலாங்கு பிடிக்கக் கூடாத மாதம். இரண்டு வாரத்தில் அதிகாரிகள் வந்து லுபெர்ட்டின் வலைகளை அள்ளிப் போனார்கள்.

யார் சொன்னது என்று தெரியவில்லை. ஆனால் மூன்று வீடுகளில் வேறு நர்ஸ் வேண்டும் என்றார்கள். ரொட்டிக் கடைக்குள் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஆல்தாவுக்கே தன் மேல் சந்தேகம் வந்தது. அழகாக இருக்கிறதென்று மட்டும்தான் அந்தக் கழிகளைப் பார்த்தேனா? எதற்கென்று தெரியாமலா இருந்தேன்?

படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேரே லுபெர்ட் வீட்டுக்குப் போனாள்.

"மாட்டினது நான். தேதி போட்டதும் நான்தான். புகார் குடுக்கல. ஆனா அவங்க இதைப் பாத்துதான் வந்தாங்களான்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதா, இல்ல தெரிஞ்சுக்க இஷ்டமில்லயா?"

அவள் படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அவர் காலை நீட்டினார்.

"சரி, கட்டப் பிரி. புண்ணு அரிக்குது."

புண் ஆற ஜனவரி ஆயிற்று. கடைசி நாள் வரை, அவள் வரும் நேரத்தில் ஏரிப்பக்க ஜன்னலின் திரையை அவர் இழுத்து மூடியே வைத்திருந்தார். மூன்று வீடுகளில் ஒன்று அவளைத் திரும்பக் கூப்பிட்டது.