மின்சாரம் இல்லாத நாளில் ஒரு மின்கசிவு

வேப்பந்தட்டையில் என் அக்காவின் சாக்குக் கடை ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலையில் எரிந்தது. பருத்தி, மக்காச்சோளம் பிடிக்கும் சாக்குகளும் தார்ப்பாயும் விற்கும் கடை. அறுவடைக்கு வெகு முன்பே சரக்கு வாங்கி அடுக்கிவிடுவார்கள். அந்த அடுக்கின் பேரில் வங்கிக் கடன் இருந்தது. வங்கி கேட்டதால் தீ இன்சூரன்ஸும் இருந்தது. ஆளுக்குச் சேதமில்லை. மிஞ்சியது கூரைத் தகரமும் கரியும்தான். இன்சூரன்ஸ் வராவிட்டால் கடையை இனி எடுத்துக்கட்ட முடியாது.

மறுநாள் எங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி வந்தது. மின்கசிவால் தீப்பிடித்ததாகக் கூறப்படுகிறது என்று முடிந்திருந்தது. அந்தப் பகுதி நிருபர் அக்கா வீட்டுக்காரரிடம் போனில் கேட்டு எழுதியது அது. பெரம்பலூரில் இருந்தபடி பல வருடங்களாகச் செய்தி எழுதும் எனக்கு அந்த வாக்கியம் பழக்கமானது. குடிசை எரிந்தாலும் குடோன் எரிந்தாலும், காரணம் தெரியாத இடத்தில் அதைத்தான் போடுவோம். யாரும் மறுத்து எழுதுவதில்லை.

அந்த வெள்ளிக்கு முந்தைய நாள், அதே பக்கத்தில் இன்னொரு செய்தி வந்திருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக வேப்பந்தட்டையிலும் சுற்றுப்புறத்திலும் வெள்ளிக்கிழமை காலை முதல் மதியம் வரை மின்சாரம் இருக்காது. அதைத் தட்டச்சு செய்தது நான்.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வரும் நாளில், பஸ்ஸில் போகும்போதுதான் இரண்டு செய்திகளும் சேர்ந்து நினைவுக்கு வந்தன. மாமாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். அணைத்து வைத்திருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது சர்வேயர் வேலையைத் தொடங்கியிருந்தார். திருச்சியிலிருந்து வந்த நடுத்தர வயதுப் பெண்மணி. செருப்புக்குப் பதில் கனமான ஷூ போட்டிருந்தார். கரியைக் குச்சியால் கிளறி, அடியில் எரியாமல் கிடந்த சாக்கின் வாயைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் சுவிட்ச் போர்டு உருகி வழிந்திருந்தது. அதை ஒரு படம் எடுத்தார், அவ்வளவுதான். அங்கே அவர் நிற்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காவை ஓரமாக அழைத்துக் கேட்டேன். "அன்னைக்குக் கரண்ட்டே இல்லியேக்கா?"

அவள் சர்வேயரின் முதுகைப் பார்த்தபடி சொன்னாள். "சூடம் தம்பி. ஆடி வெள்ளின்னு கடைக்குச் சுத்திப் போட்டு வெச்சேன். காத்து சாக்குப் பக்கம் தள்ளிடுச்சு."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். வாயத் தொறக்காதன்னு சொல்லிட்டாரு."

மாமாவை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். மேடம் வாக்குமூலம் வாங்கப் போகிறார், சீக்கிரம் திரும்ப வேண்டும் என்றார் அவர். மின்நிறுத்தத்தைச் சொன்னதும் அவர் கையில் டீ அப்படியே நின்றது. தீப்பிடித்தபோது அவர் சரக்கு விஷயமாகப் பெரம்பலூரில் இருந்தார்.

"நான் வந்தப்ப எதுத்த கடையில ஃபேன் ஓடுச்சே மாப்ள?"

"நீங்க வந்தது மதியத்துக்கு மேல மாமா."

டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து, "பேப்பர்லயே வந்துருச்சு, இன்னும் என்னங்க குசுகுசுன்னு?" என்றார். மாமா டம்ளரை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் தள்ளி வந்தார்.

"சூடம்னு சொன்னா, உன் அஜாக்கிரதைக்கு நாங்க என்ன பண்றதுன்னு கைய விரிச்சிடுவான். ஊருக்காரன் உங்கக்காவச் சொல்லுவான். இப்பவே ஒருத்தன், ஆத்தா கடையவே கேட்டுட்டாளான்னு சிரிக்கிறான்."

"அஜாக்கிரதைன்னா சண்டை போட்டாவது வாங்கலாம். பொய்யின்னு தெரிஞ்சா மொத்தமும் போயிடும். நுகர்வோர் கோர்ட்ல உக்காந்து கேட்டிருக்கேன்."

"நிச்சயமா வருமா?"

"உங்க பாலிசிய நான் இன்னும் படிக்கல."

"நல்லா இருக்கு. படிக்காமயே நெசம் பேசச் சொல்ற. மின்கசிவுன்னு உங்க பேப்பர்லதான மாப்ள போட்டான்?"

"நீங்க சொன்னதத்தான் போட்டான்."

அவர் மீதி டீயைக் கீழே ஊற்றினார்.

திரும்பி வந்தபோது சர்வேயர் பக்கத்துக் கடையில் நாற்காலி வாங்கிப் போட்டு, மடியில் அட்டையோடு உட்கார்ந்திருந்தார். "தீ எப்படிப் புடிச்சதுன்னு உங்க வாயால சொல்லுங்க சார்" என்றார். பச்சைமலைப் பக்கமிருந்து வந்த காற்றில், பிய்ந்த தகரம் ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"இரு" என்றார் மாமா அவளிடம். பிறகு சர்வேயரிடம், "கம்பெனிக்குப் போன்ல மின்கசிவுன்னு சொல்லிட்டேன் மேடம். அது தப்பு. நான் அப்ப ஊர்லயே இல்ல. இருந்தது இவதான். இவ சொல்லட்டும்."

அக்கா சூடத்தைச் சொன்னாள். சர்வேயரின் முகம் மாறவில்லை. "வாசப்படிக்கு வெளியவா, உள்ளயா?"

நான் எதிர்பார்க்காத கேள்வி அது. வெளியே என்று சொல்லிவிட மாட்டாளா என்று நினைத்தேன்.

"உள்ள மேடம். வெளிய வெச்சா அணஞ்சு போவுதுன்னு உள்ள தள்ளி வெச்சேன்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"எவ்வளவு உள்ள?"

அக்கா கரிக்குள் நடந்து போய் ஓரிடத்தில் காலை வைத்துக் காட்டினாள். சர்வேயர் டேப்பை எடுத்து அளந்தார். எழுதிக்கொண்டே மாமாவைக் கேட்டார். "அப்புறம் ஏன் சார் கரண்ட்டுன்னு சொன்னீங்க?"

"எல்லாரும் அதான மேடம் சொல்றாங்க?"

அவர் சிரிக்கவில்லை. அதையும் எழுதினார். படித்துக் காட்டி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். காரில் ஏறும்போது என்னிடம் மட்டும், "நீங்க டீக்குக் கூட்டிட்டுப் போகாம இருந்தா, அவர் கையெழுத்துப் போட்ட அப்புறம்தான் மின்நிறுத்தத்தப் பத்திக் கேட்டிருப்பேன்" என்றார். கிளைம் வருமா என்று கேட்டேன். "முடிவு கம்பெனியோடது" என்று கதவைச் சாத்தினார்.

அதன் பிறகு கம்பெனியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. முதலில் ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று. வாக்குமூலத்துக்கு முன்பே திருத்திவிட்டோம் என்று பதில் எழுதினோம். அதற்குப் பதில் வரும்வரை போன் அடித்தாலே மாமா முற்றத்துக்குப் போய்விடுவார். கடைசியில் வந்தது. அடுக்கில் கலந்திருந்த பழைய சாக்கின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தார்கள். பாலிசியைப் புதுப்பித்தபோது ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது. கடைக்குள் திறந்த நெருப்பு கூடாது. சம்மதம் என்று மாமா எழுதிக் கொடுத்தார்.

இந்த ஆடி வெள்ளியன்று நான் அங்கே இருந்தேன். அக்கா சூடத்தோடு வாசல் தாண்டினாள். மாமா பின்னாலேயே தண்ணீர் வாளியோடு போனார்.

"இன்னும் தள்ளிப் போ."

"ரோட்டுலயா வெக்கிறது? லாரி ஏறிடும்."

"ஏறட்டும். எழுதிக் குடுத்துருக்கோம்ல."

தார் ரோட்டின் ஓரத்தில் குனிந்து பற்றவைத்தாள். காற்று உடனே அணைத்தது. மறுபடி பற்றவைத்தாள். மாமா வாளியைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.