கண்ணுக்குப் பிறகுதான் கமரா

முல்லைத்தீவுக் கடலில் எங்களைச் சுழியோடக் கூட்டிப்போனவருக்கு ஒரேயொரு சட்டம்தான் இருந்தது. வெறுங்கையோடு இறங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டும், கமராக்காரன் கடைசியில் வரவேண்டும். "கண்ணுக்குப் பிறகுதான் கமரா, ஐயா," என்பார்.

அந்தக் கமராக்காரன் நான். கிளிநொச்சியில் நீர்ப்பாசனக் கந்தோரில் வரைபடம் கீறுகிற உத்தியோகம். கமராவை வைக்கக் கண்ணாடி முகப்போடு ஒரு பெட்டியை நானே செய்திருந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்.

அவருடைய சட்டம் நியாயமானதுதான். படமெடுக்கிறவன் ஒரு மீனைக் கண்டால் அந்த இடத்தைவிட்டு அசையமாட்டான். காலில் மாட்டிய ரப்பர்ச் செட்டையால் அடிமண்ணைக் கிளப்புவான். பின்னால் வருகிறவர்களுக்குக் கலங்கல்தான் மிஞ்சும். காற்றுச் சிலிண்டர்களோ கொழும்பில் அடைத்து ரெயிலில் வருபவை. ஆளுக்கு ஒன்றுதான்.

ஒரு டொக்டர், இரண்டு வாத்திமார், நான் என்று நாலு பேர் போவோம். கூட்டிப்போகிறவர் என் வயதுக்காரர், அந்தக் கரையிலேயே பிறந்தவர். எங்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய அண்ணன் புயலில் வள்ளத்தோடு காணாமல் போயிருந்தார். உடல் கரை சேரவில்லை. ஆழத்துப் பாறையில் ஒரு வள்ளம் கிடப்பதாக வலைக்காரர் சொன்னார்கள். அது அண்ணனுடையதா என்று அவர் பார்க்க வேண்டும். வள்ளத்தின் முன்பலகையில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து செப்பாணியால் ஒரு சிலுவை அடித்திருந்தார்கள். அதைக் கண்டால் அண்ணன் மனைவியான மச்சாளிடம் சொல்லிவிடலாம், பூசை ஒப்புக்கொடுக்கலாம். அவாவோ புருஷன் இந்தியக் கரையில் எங்கோ ஒதுங்கியிருக்கிறார் என்று நம்பி, இரண்டு வருடமாக அவருக்கும் சேர்த்தே உலை வைத்துக்கொண்டிருந்தா.

அந்த வள்ளத்தைப் பார்க்கப் போன அன்று அவர்தான் முதலில் இறங்குவதென்று பேச்சு. நானும் தலையாட்டினேன். "பந்திக்கு முந்திற ஆள் நீர், இண்டைக்கு மட்டும் பிந்தி வாரும்," என்று டொக்டர் பகிடியாகச் சொன்னார்.

இறங்கும்போது டொக்டரின் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கூட்டிப்போனவர் அவரைப் பிடித்துக்கொண்டு நங்கூரக் கயிற்றடியில் நின்றார். எனக்கு நிற்கப் பொறுக்கவில்லை. ஒரேயொரு படம் என்று நினைத்துக் கீழே போனேன்.

வள்ளம் சரிந்து கிடந்தது. முன்பலகைக்குக் குறுக்கே ஒரு பெரிய களவாய் மீன், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு அசையாமல் நின்றது. அப்படி ஒரு மீன் எனக்காக அதற்கு முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை. மண்டியிட்டேன், நகர்ந்தேன், மறுபடி மண்டியிட்டேன். பிலிம் சுருள் முடியும்வரை எடுத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது என் கால்மாடெல்லாம் கலங்கிய மண். அதற்குள் அவர் வந்தார். கலங்கலுக்குள் புகுந்து பலகையைக் கையால் தடவினார். பலகை முழுக்கச் சிப்பி பிடித்திருந்தது, ஆணி கையில் படவில்லை. மண் அடங்கட்டும் என்று காத்திருந்தார். காற்றில் பாதியை டொக்டரோடு நின்றபோதே செலவழித்துவிட்டதால், அடங்கமுன் அவர் மேலே போக வேண்டியதாயிற்று.

மேலே எங்கள் வள்ளத்தில் ஏறியபின் அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை ஐயா. நீங்கள் தெளிவாயிருக்கேக்கை பாத்தனீங்கள். சிலுவை இருந்ததோ?"

நான் மீனை மட்டுந்தான் பார்த்திருந்தேன். தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

மறுபடி இறங்கமுன் வாடைக்காற்று பிறந்துவிட்டது. அடுத்த வருடம் கடல் தெளிந்து போனபோது அங்கே ஒரு பலகைகூட இல்லை. அதுவரை வெட்கத்தில் ஒளித்து வைத்திருந்த படத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. அதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

அவர் அந்த வள்ளத்தின் கதையைச் சொல்ல, மச்சாள் படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

"இதிலை சிலுவை இல்லையே."

"மீன் மறைச்சு நிக்குது, மச்சாள்," என்றார் அவர்.

"மீனுக்குப் பின்னாலை இருக்கெண்டு ஆர் கண்டது?" என்று அவரைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினா. "தம்பி, நீங்கள் கிட்டப் போனனீங்கள். கண்டனீங்களோ?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓம் என்று சொல்லச் சொல்லித்தான் அந்தப் பார்வை கேட்டது. செத்தவர் விஷயத்தில் பொய் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

"இல்லை அக்கா. நான் பாக்கேல்லை."

"அப்ப அது அவரின்ரை வள்ளமில்லை."

அவாவின் முகம் மலர்ந்துவிட்டது. படத்தை மாதா படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தா. "இருங்கோ தம்பி, சாப்பிட்டிட்டுப் போகலாம்," என்று சொல்லிக் குசினிக்குள் போனா. பிறகு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது, நாலாவது கோப்பையிலும் சோறு போட்டு மூடி வைத்தா.